தலையைப் பிடித்தவர் சொல்லும்வரை

எங்கள் கிளப்பின் ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்லி, இப்போது ஆடுகிற பிள்ளைகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். "வீரமா ஏதாச்சும் எழுதுங்கண்ணா. உங்க காலத்துல எப்டி பயமில்லாம ஆடுனீங்கன்னு," என்றாள் ரம்யா. நானும் டீயை உறிஞ்சிக்கொண்டே பெரிய மனிதனாகத் தலையாட்டி அனுப்பிவிட்டேன். அவர்கள் போன பிறகு உட்கார்ந்து யோசித்தால், பயமில்லாமல் ஆடிய ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நினைவுக்கு வரவில்லை. பயந்து ஆடியதை எழுது என்றால் தனி மலரே போடலாம்.

எழுத இன்னொரு காரணமும் உண்டு. போன மாதம் மைதானத்தில், கழுத்தில் அடிபட்டவனின் தலையை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் ஒரே சிரிப்பு. அந்தப் பயிற்சிக்கு என் பெயரைச் சேர்த்து 'ஆரோ சலூன்' என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். நன்றாகத்தான் இருக்கிறது. முதல் தடவை அதைச் செய்தபோது நானும் சிரித்தவன்தான். அந்தச் சிரிப்பு எப்படி நின்றது என்பதை எழுதுகிறேன்.

முதலில் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைகள் ஞாயிறுதோறும் சட்டையைக் கிழித்துக்கொண்டு வருவது எதனால் என்று தெரியாமல் மலரைப் புரட்டுவீர்கள். இது ஆஸ்திரேலியாவில் ஆடுகிற ஃபுட்பால். கிரிக்கெட் மைதானம் போன்ற பெரிய வட்டத் திடல். பந்து பப்பாளிப்பழ வடிவத்தில் இருக்கும். உதைக்கலாம், குத்தலாம், தூக்கிக்கொண்டு ஓடலாம். ஒருவன் தூரத்திலிருந்து உதைத்த பந்தைத் தரையில் விழாமல் இன்னொருவன் பிடித்துவிட்டால் அதற்கு மார்க் என்று பெயர். அப்படிப் பிடிப்பதற்காக, முன்னால் நிற்கிறவன் முதுகில் முட்டியை வைத்து, தோளில் ஏறி, காற்றில் பறக்கலாம். சட்டமே அனுமதிக்கிறது. பார்க்கிற கூட்டம் அதற்குத்தான் கத்தும். பறந்தவன் படம் பேப்பரில் வரும். கீழே நின்றவனின் குனிந்த தலையும் அதே படத்தில் ஓரமாக வரும்.

அந்தக் குனிந்த தலைதான் நான்.

பெங்களூர் மர்பி டவுனில் பிறந்தவன். எங்கள் தெருவில் நடக்கத் தெரிவதற்கு முன்பே உதைக்கத் தெரியும். உருண்டைப் பந்துதான். சர்ச் மைதானத்தில் நான் ஆடுவதைப் பார்த்துத்தான் பொன்னப்பா சார் என்னைக் கூப்பிட்டார். குடகுக்காரர். மெல்போர்னில் ஒரு கிடங்கில் பல வருஷம் வேலை பார்த்து, அங்கேயே இந்த ஆட்டத்தைக் கற்று, பெங்களூர் திரும்பி வந்து கிளப் ஆரம்பித்திருந்தார். முதல் நாள் பந்து உயரத்திலிருந்து என்னை நோக்கி இறங்கியது. பழக்க தோஷம், பாய்ந்து போய்த் தலையால் முட்டினேன். பப்பாளியின் கூர் முனை நெற்றிப்பொட்டில் இறங்கியது. பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். சார் வந்து என் எதிரே குந்தி உட்கார்ந்து, கன்னடம் கலந்த தன் தமிழில் கேட்டார்.

"உன் பேரு ஏனப்பா?"

"ஆரோக்கியசாமி சார்."

என் நெற்றியில் எழும்பிக்கொண்டிருந்த வீக்கத்தை ஒரு தடவை பார்த்தார். "நிஜமாவா?" என்று கேட்டார்.

பிறகு நான் ஆரோ ஆனேன். ஃபுல்பேக் ஆனேன். வயிற்றுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர் உத்தியோகம், வாழ்க்கைக்கு இது. எதிரணியில் யார் மிக நன்றாகப் பறப்பானோ அவன் பக்கத்திலேயே நின்று பறக்கவிடாமல் தடுப்பதுதான் ஃபுல்பேக்கின் வேலை. இந்திய அணியில் ஒரு தடவை மெல்போர்ன்வரை போனேன். நான் தடுக்க வேண்டியவனின் முழங்கை என் காது உயரத்தில் இருந்தது. ஆட்டம் முடியும்வரை அவனிடம் பேசிக்கொண்டே இருந்தேன். என் இங்கிலீஷ் அவனுக்குப் புரியவில்லை, அவன் இங்கிலீஷ் எனக்குப் புரியவில்லை, ஆனாலும் பேசினேன். பயந்தால் எனக்கு வாய் நிற்காது. நான் நகைச்சுவையான ஆள் என்று கிளப்பில் ஒரு பெயர் உண்டு. அதில் பாதி பயத்தில் வந்த பேச்சு.

ஃபுல்பேக்கின் பயம் எது என்று சொல்லிவிடுகிறேன். பந்து உங்கள் தலைக்கு மேலே போகிறது. நீங்கள் அதைப் பார்த்தபடியே பின்னோக்கி ஓடுகிறீர்கள். எதிரே இருந்து ஒருவன் அதே பந்தைப் பார்த்துக்கொண்டு முழு வேகத்தில் வருகிறான். அவனை நீங்கள் பார்க்கக் கூடாது. பந்தை மட்டும்தான் பார்க்க வேண்டும். முதுகிலும் விலாவிலும் கண் இல்லாமல் பிறந்துவிட்டோமே என்று அந்த நேரத்தில் தோன்றும் பாருங்கள், அதுதான்.

பொன்னப்பா சார் கத்த மாட்டார். கோபம் ஏற ஏற அவர் குரல் இறங்கும். திட்டு வாங்க நாம்தான் பக்கத்தில் போய்க் காதைக் கொடுக்க வேண்டும். மற்ற கிளப் கோச்சுகள் பையில் வலி ஸ்ப்ரே வைத்திருப்பார்கள். இவர் பையில் கழுத்துப் பட்டை ஒன்று, துணி வெட்டும் கத்தரி, சுருட்டிய துண்டுகள். ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டத்துக்கு முன் எல்லோரையும் நிற்க வைத்து ஒரே கேள்விகளைக் கேட்பார். ஆம்புலன்ஸ் எந்த கேட் வழியாக வரும்? கேட் சாவி யாரிடம்? ரோட்டில் போய் நின்று கை காட்டப்போவது யார்? பிறகு ஒருவனைப் படுக்க வைத்து இன்னொருவனைத் தலை பிடிக்கச் சொல்வார்.

அடிபட்டவனின் தலைமாட்டில் குப்புறப் படுக்க வேண்டும். இரண்டு முழங்கையையும் தரையில் ஊன்ற வேண்டும், இல்லையென்றால் கை களைத்து ஆடும். உள்ளங்கை இரண்டும் கன்னத்தின் இரு பக்கம். விரல்கள் தாடை எலும்போடு விரிந்திருக்க வேண்டும். காதை மூடக் கூடாது, அவனுக்கு நாம் சொல்வது கேட்க வேண்டும். இழுக்கக் கூடாது, அமுக்கக் கூடாது, பிடிக்க மட்டும்தான் வேண்டும். தலையைப் பிடித்தவன்தான் அதற்குமேல் தலைவன். அவன் எண்ணிச் சொல்லாமல் உடம்பின் எந்த பாகத்தையும் யாரும் நகர்த்தக் கூடாது.

"நீ எறா மீனு பிடிக்கிற மாதிரி பிடிக்கிற ஆரோ. ஸ்வல்ப மெல்ல," என்பார் சார். நான் சிரிப்பேன். எல்லோரும் சிரிப்போம். அவர் மட்டும் சிரிக்க மாட்டார். மெல்போர்னில் அவர் எதைப் பார்த்தார் என்று நாங்கள் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

அந்த நாளுக்கு வருகிறேன். அடுத்த மெல்போர்ன் பயணத்துக்கு ஆள் எடுக்கும் ஆட்டம். ஊருக்குள் எந்தத் திடலும் காலியில்லாமல் ஆனேக்கல் தாண்டி ஒரு மைதானம் கிடைத்தது. எதிரணியில் என் பங்குக்கு வந்தவன் தினேஷ். சாதாரண நாளில் எங்கள் கிளப் பையன்தான், அன்று பிரித்து ஆடினோம். ஈஜிபுராவில் குடியிருக்கிறான், சொந்த ஊர் போளூர் பக்கம். ஒல்லி. நின்ற இடத்திலிருந்தே என் தோள்வரை எழும்புவான். மெல்போர்ன் டிக்கெட் அவனுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அன்று அவன் அம்மா கஸ்தூரியும் வந்திருந்தார். கார்மென்ட்ஸில் தைக்கிறவர், ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. பிள்ளை வாராவாரம் எங்கே போய் அடிபட்டு வருகிறான் என்று பார்க்க, அவன் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்திருந்தார். சாப்பாட்டுப் பையோடு வேப்பமர நிழலில் இருந்தார்.

"அண்ணா, சட்ட தொவச்சதா இன்னிக்கு?" என்றான் தினேஷ் என் பக்கத்தில் வந்து நின்று.

"ஏன்டா?"

"இல்ல, என் ஷூவுல சேறு. அழுக்காவப் போவுதுன்னு முன்னாடியே சொல்லிடறேன்."

"ஏறு ராசா. லிஃப்ட் இல்லாத பில்டிங்கு, பாத்து ஏறு."

மூன்றாம் கால்பகுதியில் அந்தப் பந்து வந்தது. உயரமாக, மெதுவாக, காற்றில் தயங்கித் தயங்கி வந்தது. நான் அடியில் போய் நின்றேன். முதுகில் முட்டி ஏறியது. தோளில் கனம் விழுந்தது. பழகிய கனம்தான், இன்னும் மேலே போனது. அப்புறம் சட்டென்று கனமே இல்லை. அதற்கப்புறம் ஒரு சத்தம். அரிசி மூட்டையை லாரியிலிருந்து தள்ளினால் வருமே, அப்படி ஒரு சத்தம். திரும்பினேன். தினேஷ் மல்லாந்து கிடந்தான். பந்து எங்கேயோ உருண்டு போனது. தலை முதலில் இறங்கியதைக் கோட்டுக்கு வெளியே நின்ற சார் பார்த்திருக்கிறார். யாரும் யாரையும் தள்ளவில்லை. பறந்தவன் திரும்பி இறங்க இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

நம் ஊரில் ஒருவன் விழுந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நாலு பேர் ஓடி வருவார்கள். ஒருவன் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்குவான், ஒருவன் காலை மடக்கி நீட்டுவான், ஒருவன் சோடா உடைப்பான். எல்லாம் பாசம்தான். அந்த நாலு பேரும் வந்துகொண்டிருந்தார்கள். அப்போதுதான் சார் வந்தார். ஓடி வந்தவர், பக்கத்தில் வந்ததும் நடந்தார். குரல் எழும்பவில்லை, அடிமட்டத்துக்குப் போயிருந்தது.

"யாரும் தொடக் கூடாது. ஆரோ, தலை."

படுத்தேன். முழங்கையை ஊன்றினேன். அவன் கன்னம் வியர்வையில் வழுக்கியது. தாடையெலும்பைத் தேடிப் பிடித்தேன். முகம் எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. கண் திறந்திருந்தது.

"யாரு வந்து கேட்டாலும் விடக்கூடாது," என்றார் சார். "நானே வந்து கேட்டாலும் விடக்கூடாது. ஆய்த்தா?"

நான் தலையாட்டினேன்.

"வாயில சொல்லு."

"சரி சார்."

சார் அவன் கால்மாட்டில் மண்டியிட்டு ஷூவின் நாடாவை வெட்டிக் கழற்றினார். "தினேஷ், விரலைத் தொடுறேன். எந்தக் கால் சொல்லு."

"எப்போ தொடுவீங்க சார்?" என்றான் தினேஷ்.

சார் அப்போதே தொட்டுக்கொண்டுதான் இருந்தார். அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சார் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கட்டை விரலை அழுத்திக் கிள்ளினார்.

"இப்போ?"

"வலது... வலதுகாலு."

இடதுகாலும் கொஞ்சம் தெரிந்தது. வலது கை தெரிந்தது. இடது கைக்கு வந்தபோது, "கை இருக்குதா சார் அங்க? எறும்பு ஓடற மாரி இருக்குது," என்றான்.

"கழுத்து வலிக்குதா?"

அப்போதுதான் அது நடந்தது. என் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அவன் தலை அசையப் பார்த்தது. ஆமாம் என்று சொல்ல நம் ஆட்களுக்கு வாய் போதாதே, தலையும் சேர்ந்து ஆடியாக வேண்டுமே. பக்கவாட்டில் ஒரு சின்ன ஆட்டம், நாளெல்லாம் நாமறியாமல் ஆட்டுகிற அதே ஆட்டம். விரலை இறுக்கிவிட்டேன்.

"ஆட்டாதடா! வாயால சொல்லு!"

"சரிண்ணா," என்றான். சொல்லும்போதே மறுபடி ஆட்டப் பார்த்தான்.

எதைக் கேட்டாலும் அவன் தலை பதில் சொல்ல வந்தது. தண்ணி வேணுமா? வெயில் அடிக்குதா? கேட்கிறவர்கள் எல்லாம் நல்ல மனதோடுதான் கேட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் என் கைக்குள் அந்த அசைவு வந்து முட்டியது. ஆம், இல்லை என்று பதில் வருகிற எந்தக் கேள்வியையும் யாரும் கேட்கக் கூடாது என்று சார் கடைசியில் தடை போட்டார்.

"அண்ணா, என் காலு ரெண்டும் இருக்குதா?" என்று தினேஷே கேட்டான்.

"இருக்குடா. என் முதுகுத் தோலு பாதி அதுலதான் ஒட்டிக்கிட்டு இருக்கு."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு கழுத்தில் ஏறியது. தலை நடுங்கியது. சார் என்னைப் பார்த்தார். "ஜோக் பேடா," என்றார். வேண்டாம் என்பதற்குத் தமிழ் கிடைக்காத அளவுக்கு அவரும் பயந்திருந்தார் என்று எனக்கு அப்போது புரிந்தது. அதற்கப்புறம்தான் நான் முழுசாகப் பயந்தேன்.

சிரிக்க வைக்காமல் ஒரு மனிதனிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வயதில் அதைக் கற்றதே இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். மர்பி டவுனிலிருந்து அவன் வீட்டுக்குப் போகிற வழியைச் சொன்னேன். "இந்திரா நகர் வந்துட்டோம். டொம்லூர் பாலம். அங்கேருந்து நேரா..." தவறாகச் சொன்னால் அவன் வாயால் திருத்தினான். "அங்க லெஃப்டு இல்லண்ணா, சிக்னல் தாண்டி." சரியாகத் திருத்தினான் என்றால் மூளை வேலை செய்கிறது. வேண்டுமென்றே நாலு தெரு தப்பாகப் போனேன்.

அப்போதுதான் கஸ்தூரியம்மா வந்து சேர்ந்தார். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து, செருப்பை விட்டுவிட்டு.

"தினேசு! டேய், எழுந்திர்றா!"

குரல் வந்த பக்கம் அவன் தலை திரும்ப முயன்றது. முழு பலத்தோடு. தன் அம்மா கூப்பிட்டால் எந்தத் தலைதான் திரும்பாது? நான் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்யா, புள்ளய மண்ணுல போட்டு வெச்சிருக்கீங்க? தள்ளு, மடியில போட்டுக்கறேன். வாய் காஞ்சி கெடக்குது பாரு," என்று என் தோள் பக்கம் உட்கார்ந்து, அவன் தலைக்கு அடியில் கையை நுழைக்க வந்தார். என் இரண்டு கையும் அவனிடம் இருந்தன. தடுக்க எனக்கு வாய் மட்டும்தான் இருந்தது.

"தொடாத! தொட்டியானா செத்துடுவான்!"

அந்த வயதுப் பெண்மணியை நான் அப்படி ஒருமையில் பேசியதில்லை. அவர் கை நின்றது. அவன் கண் அகலமாக விரிந்தது. இரண்டு பேருக்கும் கேட்டுவிட்டது.

சார் வந்து அவரை மெல்லத் தூக்கி, சுற்றி அழைத்துப் போய், கால்மாட்டில் உட்கார வைத்தார். "அம்மா, வலது காலைப் பிடிச்சுக்குங்க. அது அவனுக்குத் தெரியும். நீங்க இருக்கீங்கன்னு தெரியும்." அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். என்னை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னை என்றால், என் கைகளை.

ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. வழியில் ஏதோ கல்யாண ஊர்வலம் என்றார்கள். ஒருவன் நிழலுக்காக எங்கள்மேல் துண்டைப் பிடித்தபடி நின்றான். என் முழங்கைக்கடியில் ஒரு செவ்வெறும்புப் புற்று இருந்திருக்கிறது. ஏறி, கக்கம்வரை போய்க் கடித்தன. நான் அசைந்தால் கை அசையும், கை அசைந்தால் தலை அசையும். கொஞ்ச நேரம் நான் பிடித்துக்கொள்ளட்டுமா என்று ஒருவன் கேட்டான். "கை மாத்தறப்பதான் தப்பு நடக்கும்," என்றார் சார். அவன் தலையின் எடை எனக்கு இன்னும் தெரியும். ஒரு மனிதத் தலை அவ்வளவு கனம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

கேட் திறந்திருந்தது. ரோட்டில் ஆள் நின்றிருந்தான். வாராவாரம் கேட்டுக் கேட்டு எங்களைச் சலிப்படைய வைத்த அந்தக் கேள்விகளுக்கு அன்று பதில் தயாராக இருந்தது. ஆம்புலன்ஸ் நேராகப் புல்லுக்குள் வந்தது. பலகையை எடுத்து வந்தவர்கள் அவனைத் தூக்கக் குனிந்தபோது சார் கை நீட்டித் தடுத்தார். "தலை இவன்கிட்ட இருக்கு. இவன் சொன்னா மட்டும்."

கிளப்பில் நான் சொல்லி யாரும் கேட்டதில்லை. டீக்கு ஆர்டர் சொன்னால்கூட மாற்றித்தான் கொண்டு வருவார்கள். அன்று ஆறு பேர் அவன் உடம்பின் ஒரு பக்கமாக மண்டியிட்டு என் வாயைப் பார்த்தார்கள். "சார் பக்கம் திருப்பறோம். மூணு சொன்னப்புறம். அதுக்கு முன்னாடி எவனும் தொடக் கூடாது," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. எல்லோரும் குனிந்து காதைக் கொடுத்தார்கள்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

தோளும் இடுப்பும் காலும் ஒரே மரத்துண்டாகத் திரும்பின. தலை என் கையில் அதோடு திரும்பியது. முதுகில் புல் நெருக்கமாக ஒட்டியிருந்தது. பலகை உள்ளே போனது. மறுபடி எண்ணினேன். படுக்க வைத்தோம். கழுத்துப் பட்டை போட்டு, இரு பக்கமும் கட்டை வைத்து, நெற்றியில் பட்டி ஒட்டினார்கள். "இப்ப விடலாம்ணா," என்றார் ஆம்புலன்ஸ்காரர். விட முடியவில்லை. விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. அவர்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.

ஆஸ்பத்திரியில் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார் டாக்டரம்மா. கழுத்தெலும்பில் விரிசல். உள்ளே நரம்பு நசுங்கியிருக்கிறது, அறுபடவில்லை. கொஞ்சம் நகர்ந்திருந்தால் என்று ஆரம்பித்தவர் கஸ்தூரியம்மாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நடப்பான், கையும் பெரும்பாலும் திரும்பி வரும், எலும்பு கூடும்வரை பட்டை கழற்றவே கூடாது, இந்த ஆட்டம் இனி இல்லை. அந்தக் கடைசி வார்த்தைக்கு தினேஷ் கண்ணை மூடிக்கொண்டான்.

என் ஆட்டமும் அதோடு முடிந்தது. கொஞ்ச நாள் கழித்து மைதானத்துக்குப் போனேன். பந்து தலைக்கு மேல் வந்தது. பின்னால் ஓடினேன். பந்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் திரும்பி, எதிரே வருகிறவனைப் பார்த்தேன். பார்த்ததும் ஒதுங்கிவிட்டேன். ஒரு தடவைதான். ஃபுல்பேக்குக்கு அது போதும். சார் என்னைக் கூப்பிட்டார், காதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "முட்டி வலின்னு சொல்லிக்கோ," என்றார். எனவே பிள்ளைகளே, நீங்கள் அனுதாபத்தோடு விசாரிக்கிற என் முழங்கால் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது.

பிறகு சார் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். பட்டைக்கு அடியில் வியர்த்துப் புண் வராமல் கழுத்தைத் துடைக்க வேண்டும். அதற்குப் பட்டையைத் திறக்க வேண்டும். திறந்திருக்கும் நேரம் முழுவதும் ஒருவர் தலையைப் பிடித்திருக்க வேண்டும், இன்னொருவர் துடைக்க வேண்டும். தினேஷின் அப்பா செக்யூரிட்டி வேலைக்காரர், ஒரு தடவை பிடித்துப் பார்த்திருக்கிறார், கை உதறிவிட்டது. "தலை பிடிக்க உனக்குத் தெரியும். ஹோகு, போ," என்றார் சார்.

ஈஜிபுராவில் அவர்கள் வீடு ஒற்றை அறை. அவன் தரையில் தலையணை இல்லாமல் மல்லாந்து படுப்பான். நான் அவன் தலைமாட்டில் குப்புறப் படுத்தால் என் இடுப்புக்குக் கீழே உள்ளதெல்லாம் வாசலைத் தாண்டி நடைபாதைக்குப் போய்விடும். தண்ணீர்க் குடத்தோடு வருகிற பெண்கள் என் காலைத் தாண்டிப் போவார்கள். "யாருடி இது, பாதி மட்டும் இருக்குது?" என்று ஒருத்தி கேட்டது எனக்குக் கேட்டது. சிரிக்கக் கூடாதே, உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

கஸ்தூரியம்மா என்னோடு பேச மாட்டார். ஈரத்துணியால் துடைப்பார், காய்ந்த துணியால் ஒற்றுவார், தாடியை மழிப்பார், பட்டையை மூடுவார். ஒவ்வொரு தடவை பட்டையின் வெல்க்ரோ ஒட்டுப்பட்டி பிரிகிற சத்தம் வரும்போதும் எங்கள் மூன்று பேருக்கும் மூச்சு நின்று, அது மூடினதும் திரும்பி வரும். எனக்குக் காபி கொடுப்பார். டம்ளரைக் கையில் தராமல் தரையில் வைப்பார். நாள் போகப்போக தினேஷ் எழுந்து நடந்தான். இடது கையால் சீப்பைப் பிடித்தான். காபி டம்ளர் மட்டும் தரையிலேயே இருந்தது.

ஒரு நாள் அவரே ஆரம்பித்தார். "நீ செஞ்சது சரின்னு டாக்டரு சொல்ட்டாங்க. நான் இல்லன்னு சொல்லல. கால புடிக்கச் சொன்னாங்க, புடிச்சன். ஆனா அன்னிக்கு நீ ஒரு வார்த்த சொன்ன பாரு, அது எம்புள்ள காதுல வுழுந்துச்சு."

"ஆமாம்மா," என்றேன்.

அடுத்த வாரம் நான் போய் வழக்கம்போலத் தரையில் முட்டி போட்டேன். அவர் கிண்ணத்தையும் துணியையும் என் பக்கம் நகர்த்தினார்.

"எழுந்திரு. நீ தொடச்சி வுடு. நான் புடிக்கறன்."

"அம்மாவா?" என்றேன்.

"வாணாம்மா," என்றான் தினேஷ் உடனே. கூரையைப் பார்த்தபடி கிடந்தவன் குரலில் அன்று மைதானத்தில் இருந்த பயம் அப்படியே இருந்தது. எலும்பு இன்னும் முழுசாகக் கூடவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டார். அவர் கால்களும் வாசலைத் தாண்டி நடைபாதையில் நீண்டன.

முழங்கையை ஊன்றினார். ஒரு தடவை நகர்த்தி, சரியான இடத்தில் மறுபடி ஊன்றினார். உள்ளங்கை கன்னத்துக்குப் போனது. விரல்கள் தாடையோடு விரிந்தன. காது இரண்டும் வெளியே இருந்தன. நான் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். திருத்த ஒன்றுமில்லை. எறா மீன் பிடியெல்லாம் இல்லை. ஒட்டுப்பட்டியில் விரலை வைத்தேன்.

"நான் சொல்றதுக்கு முன்ன பிரிக்காத," என்றார்.

"சரிம்மா."

"ஒண்ணு. ரெண்டு."

அதோடு நிறுத்திவிட்டார். விழுந்த நாளிலிருந்து அவன் முகம் இப்படி முழுசாக அவர் இரு கைக்குள் வந்ததில்லை. தலைகீழாக, மூக்கு மூக்கைத் தொடுகிற தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். நடைபாதையில் யாரோ அவர் காலைத் தாண்டிப் போனார்கள்.

"ம்மா. மூணு சொல்லேன்," என்றான் தினேஷ்.

"இர்றா."

தலையைப் பிடித்தவர் சொல்லாமல் பிரிக்கக் கூடாது. ஒட்டுப்பட்டியில் விரலை வைத்தபடி நான் காத்திருந்தேன்.